வெயிலில் பெய்த அறுபத்தொன்பது மில்லிமீட்டர்

மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் வியர்த்ததுண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு. ஜவ்வாது மலையில், ஒரு புரட்டாசிக் கடைசியில், பகல் பதினொரு மணிக்கு.

போளூரிலிருந்து கிளம்பிய ஜீப்பில் நாங்கள் மூன்று பேர். ஓட்டுநர், இளநிலைப் பொறியாளர் தணிகாசலம், நான். மூவரும் தலை முதல் முழங்கால் வரை மஞ்சள் மழைக்கோட்டுக்குள் இருந்தோம். என்னுடையது அலுவலகத்தில் இரவல் வாங்கியது. கை நீளம் என் விரல்களைத் தாண்டி நான்கு அங்குலம் தொங்கியது. பின்னால் கயிறு, டார்ச் லைட், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர்.

காரணம், மலைமேல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற தானியங்கி மழைமானி. காலை எட்டரைக்கு அது கீழே தகவல் அனுப்பியிருந்தது: அறுபத்தொன்பது மில்லிமீட்டர். அந்த மலைக்கு அது நல்ல கனமழை. ஓடை பெருகும், பாதை அறுந்துபோகும். உடனே பள்ளிக்கு விடுமுறை, எங்களுக்கு ஜீப்.

மேலே போனால் சாலை நெடுகச் சாமைக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் என்று நடுவில் பரப்பியிருந்தார்கள். எங்கள் ஜீப்பும் அந்தச் சேவையைச் செய்துகொண்டே போனது. மைதானத்தில் விடுமுறைப் பிள்ளைகள் புழுதி பறக்கக் கபடி ஆடினார்கள். எங்களைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

தணிகாசலம் மழைக்கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, இருக்கையில் வைத்தார். "மேடம், நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. இந்த மிஷின் உங்க கம்பெனி செஞ்சதுதானே?" என்றார்.

ஆமாம், நாங்கள் செய்ததுதான். அன்று நான் மலைக்கு வந்ததே அதற்காகத்தான். சில மாதங்களாகவே கணக்கு ஒத்துப்போகவில்லை, ஆள் அனுப்புங்கள் என்று அவர் எங்கள் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டிருந்தார்.

கெடுத்துப் பார்க்கும் வேலை

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று இதுவரை தெளிவாகச் சொல்லவில்லையே" என்று எழுதியிருந்தார். நியாயமான புகார். என் அம்மாவுக்கும் அதே புகார் இருந்தது.

மின்னணுப் பலகை ஒன்றை உருவாக்கும்போது, அதன் பிரதி ஒன்றைக் கணினிக்குள் முழுக்க எண்களாகவே கட்டுவோம். பிறகு அந்தப் பிரதியில் ஒரு கம்பியை வேண்டுமென்றே கெடுப்போம். "நீ இனிமேல் எப்போதும் அணைந்தே இரு" என்று ஒரு கம்பிக்குச் சொல்வோம். பலகை என்ன உளறுகிறது என்று குறித்துக்கொள்வோம். அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த கம்பி. "நீ எப்போதும் எரிந்தே இரு." இப்படி ஆயிரக்கணக்கில். நிஜப் பலகை ஒருநாள் கெடும்போது அது எப்படிக் கெட்டது என்று கண்டுபிடிக்கவும், தொழிற்சாலையை விட்டுப் போகும் முன்பே கெட்டதைப் பிடித்துவிடவும் இது உதவும். சிமுலேஷன் என்பார்கள்.

படவேட்டில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இன்னா வேலை பார்க்குது?" என்று கேட்டார்கள். அம்மா சற்று யோசித்தாள். "நல்லா கீற மிஷினைக் கம்ப்யூட்டர்ல கெடுத்துப் பார்க்குது" என்றாள். அந்த வரன் திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்து வந்தவர் மட்டும், "எப்படிக் கெடுப்பீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

சரி, மைதானத்துக்குத் திரும்புவோம்.

கோவிந்தம்மா

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் நீளமான பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் கோவிந்தம்மா. பள்ளியில் சத்துணவு சமைப்பவர். அதோடு, தானியங்கி வருவதற்கு முன்பிருந்தே மைதானத்துப் பழைய மழைமானியைப் பார்த்து எழுதுபவர். அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. மேலே ஒரு புனல், கீழே ஒரு பாத்திரம். சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். தானியங்கி வந்த பிறகும் ஒரு வருடம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று அவரைத் தொடரச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு எவ்ளோம்மா?" என்றார் தணிகாசலம்.

"அஞ்சு, சார். விடிகாலையில தூறிட்டு நின்னுட்ச்சு."

"மிஷின் அறுபத்தொம்பதுன்னு சொல்லுதே."

"அது இன்னா வேணா சொல்லும் சார். நான் பார்த்தது அஞ்சு."

தணிகாசலம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர்தான். சொல்லச் சங்கடப்பட்டார். இயந்திரம் அதிகமாகக் காட்டும் நாளிலெல்லாம் பள்ளிக்கு விடுமுறை. பள்ளிக்கு விடுமுறை என்றால் சமையலுக்கும் விடுமுறை. ஆகவே இந்த அம்மாவே தானியங்கியின் புனலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிடுகிறார் என்று கீழே சிலருக்குச் சந்தேகம். விளக்கம் கேட்டுப் போன வாரம் கடிதம் கொடுத்தாகிவிட்டது. பதில் திருப்தி இல்லை என்றால் மழைமானி வேலை போகும். சமையல் வேலையும் போகலாம்.

தாழ்த்திய குரல் கோவிந்தம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"லீவு வுட்டா எனக்கு இன்னா லாபம் சார்? வூட்டுக்குப் போனா அங்கியும் நான்தானே ஆக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எட்டுக் கம்பிகள்

பதிவேட்டை வாங்கிப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தேன். கோவிந்தம்மாவின் எண்களை ஒரு பக்கமும், தணிகாசலத்தின் தாளில் இருந்த இயந்திரத்தின் எண்களை மறுபக்கமும் எழுதினேன்.

அவர் ஐந்து, இயந்திரம் அறுபத்தொன்பது. அவர் மூன்று, இயந்திரமும் மூன்று. அவர் பன்னிரண்டு, இயந்திரம் எழுபத்தாறு. பதினெட்டுக்குப் பதினெட்டு. இருபத்திரண்டுக்கு எண்பத்தாறு. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. நிஜமாகவே மழை கொட்டிய ஒரு நாளில் எழுபதுக்கு எழுபது.

கீழே இருந்தவர்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று புரிந்தது. பாதி நாள் சரியாக வேலை செய்யும் இயந்திரம், மீதி நாள் ஏன் உளற வேண்டும்? மனிதர்கள்தான் அப்படி.

ஆனால் தப்பான நாட்களில் வித்தியாசம் எப்போதும் அறுபத்துநான்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் என் தொழில் விழித்துக்கொண்டது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டி வாளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை நிறைந்ததும் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று ஒரு சில்லு எண்ணும். அந்த எண்ணிக்கை எட்டுக் கம்பிகள் வழியாக, தகவல் அனுப்பும் பலகைக்குப் போகும். கம்பிகளைத் தராசின் படிக்கற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு, நூற்றிருபத்தெட்டு. எந்தெந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதோ அந்தக் கற்களைக் கூட்டினால் மழை அளவு. ஐந்து என்றால் நான்கும் ஒன்றும்.

அறுபத்துநான்காம் கம்பி எப்போதும் எரிந்தே கிடக்கிறது. வேறென்ன? மடிக்கணினியைத் திறந்து, பலகையின் பிரதியில் அந்தக் கம்பியைக் கெடுத்து ஓட்டினேன். ஐந்து அறுபத்தொன்பது ஆனது. பன்னிரண்டு எழுபத்தாறு ஆனது. உற்சாகமாக அடுத்ததைப் பார்த்தேன். மூன்று அறுபத்தேழு ஆனது.

நிஜ இயந்திரம் மூன்றை மூன்று என்றே சொல்லியிருக்கிறது.

பலகையில் உள்ள ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொன்றாகக் கெடுத்தேன். அணைத்துப் பார்த்தேன், எரித்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஒன்றுகூட எல்லா எண்களோடும் பொருந்தவில்லை.

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். "அப்போ மிஷின்ல கோளாறு இல்லைங்கறீங்களா, மேடம்?"

கோவிந்தம்மா சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு தூக்குச் சட்டியோடு திரும்பினார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.

அறுபத்தாறு

சாப்பிட்டுக்கொண்டே பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆவணியில் ஒரு நாள். அவர் அறுபத்தாறு எழுதியிருந்தார். இயந்திரத்தின் தாளில் எழுபது. நான்குதான் வித்தியாசம். கை தவறியிருக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

"இது எழுபதா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா." அதுவரை மேடம் என்றவர், சோறு போட்ட பிறகு அக்காவுக்கு மாறியிருந்தார். "அன்னிக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. குடுவை இருபதுதான் புடிக்கும். மூணு குடுவை ரொம்பி, அதுக்கு மேல ஆறு. கை விறைச்சுப்போச்சு. சந்தேகத்துக்கு ஒரு பாத்திரத்துல புடிச்சு வச்சு மறுக்கா அளந்தேன். அறுவத்தாறேதான்."

பிறகு அவரே, என் தாளில் விரல் வைத்து, "இன்னொண்ணு கேட்கட்டுமா? அஞ்சுக்குக் கோளாறு, பன்னெண்டுக்குக் கோளாறு. மூணு மட்டும் எப்டி நல்லா கீது? அதுக்குள்ள இன்னா கீது, இதுக்குள்ள இன்னா இல்ல?" என்றார்.

கை கழுவக்கூட இல்லை நான். ஐந்துக்குள் நான்கு இருக்கிறது. பன்னிரண்டுக்குள் நான்கு இருக்கிறது. இருபத்திரண்டுக்குள் இருக்கிறது. மூன்றில் இல்லை, பதினெட்டில் இல்லை, நாற்பத்தொன்றில் இல்லை. அறுபத்தாறில் நான்கு இல்லை. ஆனால் அறுபத்துநான்கு இருக்கிறது.

எந்தக் கம்பியும் கெட்டுப்போகவில்லை. இரண்டு நல்ல கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நான்கில் மின்சாரம் வந்தால் அறுபத்துநான்கும் எரியும். அறுபத்துநான்கில் வந்தால் நான்கும் எரியும். எழுபதில் இரண்டுமே இருப்பதால் தப்புத் தெரியாது.

கணினியிடம் இந்த முறை வேறு கேள்வி கேட்டேன். எட்டுக் கம்பிகளில் எந்த இரண்டு ஒட்டிக்கொண்டால் இந்த எண்கள் எல்லாம் வரும்? எல்லா ஜோடிகளையும் ஒட்டிப் பார்த்தது. ஒரே ஒரு ஜோடி. பதிவேட்டின் அத்தனை நாட்களும் பிசகாமல் பொருந்தின. அந்த அறுபத்தாறும்தான். அவர் மட்டும் அலுப்பில் எழுபது என்று எழுதியிருந்தால், நான்கு அறுபத்துநான்கை எரிப்பதுபோல அறுபத்துநான்கும் நான்கை எரிக்கிறது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்லியிருக்க முடியாது.

"கோவிந்தம்மா, உங்க நம்பர் எல்லாமே சரி" என்றேன்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யார் ஒட்டியது?

தானியங்கியின் பெட்டியைத் திறந்தோம். எட்டுக் கம்பிகளும் பலகையில் சேரும் இணைப்பியைக் கழற்றி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். பலகையில் இடம் போதாமல் கம்பிகளை வரிசை மாற்றி இறக்கியிருந்தோம். அதனால் நான்கும் அறுபத்துநான்கும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே, முடியளவு மெல்லிய ஒரு ஈய இழை பளபளத்தது.

அதற்குக் கீழே, பலகையின் ஓரத்தில், வெள்ளை மையில் ஒரு சின்ன 'ம'.

என் பெயர் மஞ்சுளா.

அந்த வருடம் பன்னிரண்டு பெட்டிகளை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஈயம் பற்றவைக்கும் பெண் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாள். "இதெல்லாம் ஒரு வேலையா, தாங்க" என்று நான் உட்கார்ந்து நான்கு பெட்டிகளுக்குப் பற்றவைத்தேன். யார் செய்தது என்று தெரிய முதலெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வெளியே அனுப்பும் முன் செய்த சோதனையை வகுத்ததும் நானேதான். எல்லாக் கம்பியையும் அணை, பார். எல்லாக் கம்பியையும் எரி, பார். இந்த இரண்டே சோதனை போதும், எந்தக் கம்பி செத்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும் என்று சிமுலேஷனில் நிரூபித்துக் கையெழுத்தும் போட்டேன். சிமுலேஷன் பொய் சொல்லவில்லை. செத்த கம்பி நிச்சயம் மாட்டியிருக்கும். ஒட்டிக்கொண்ட இரண்டு கம்பிகள் சேர்ந்து அணையும், சேர்ந்து எரியும். அப்பழுக்கில்லாமல் தேறிவிடும். ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் அதனிடம் கேட்கவே இல்லை.

"இன்னா மேடம், கிடைச்சுதா?" என்றார் தணிகாசலம்.

"ஈயம் ஒட்டியிருக்கு சார்" என்றேன்.

ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், யார் ஒட்டியது என்று பொதுவாக யாரும் கேட்கமாட்டார்கள். தமிழில் இது ஒரு வசதி. அந்த வசதிக்குள் ஒரு நிமிடம் ஒளிந்துகொண்டேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோவிந்தம்மா எட்டிப் பார்த்தார். "யாரு ஒட்டினது?"

"நான்தான்" என்றேன். "இந்த எழுத்து என்னுது. அவசரத்துல பண்ணினேன். சரியாச் சோதிக்கவும் இல்ல. உங்களுக்கு வந்த கடிதம் எனக்கு வந்திருக்கணும்."

தணிகாசலம் கபடி ஆடும் பிள்ளைகளைப் பார்த்தார். கோவிந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கைல சுட்டுக்கினியாக்கா அப்போ?"

"இல்லையே. ஏன்?"

"சமையல்கட்டுல அவசரப்பட்டா உடனே சுட்டுரும். உன் வேலையில சுடறது வேற ஒருத்தருக்கு போல." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "சரி வுடு. ஒத்துக்கினியே. கீழ கீறவங்க யாரும் அதுகூடப் பண்ணல."

தணிகாசலம் இருமினார்.

இழையைச் சுரண்டி எடுத்து, இணைப்பியைத் திரும்பப் பொருத்தினேன். சோதித்துப் பார்க்கப் புனலில் அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தணிகாசலம் குடுவையைக் கோவிந்தம்மாவிடம் நீட்டினார். "ஊத்துங்கம்மா."

"நானா? அப்புறம் நான்தான் ஊத்தினேன்னு சொல்வீங்க."

"நான் சொல்லித்தான் ஊத்தறீங்கன்னு எழுதித் தர்றேன்."

"அதோட அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கினேன்னும் எழுதிடுங்க சார்."

அவர் ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கோவிந்தம்மா ஊற்றினார். நிதானமாக, வாளி ஒவ்வொரு முறை கவிழ்வதையும் காது கொடுத்துக் கேட்டு. ஐந்து. பெட்டிக்குள் இருந்த சின்னத் திரையும் ஐந்து என்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்பது அவர்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

நெல்லிவாசல்நாட்டுப் பெட்டி

நான் பற்றவைத்த இன்னொரு பெட்டி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலமும் நானும் அங்கே போனோம். கோவிந்தம்மாவும் வந்தார். "அங்க பெருமாள் அண்ணாதான் மழை பார்க்கறாரு. எனக்குத் தெரிஞ்சவரு. உங்களக் கண்டா பயந்துப்பாரு" என்றார். கொஞ்ச தூரம் ஷேர் ஜீப், மீதி நடை.

ஐம்பது வயதைத் தாண்டிய பெருமாள், காட்டில் தேன் எடுப்பவர். எங்களைக் கண்டு பயப்படவெல்லாம் இல்லை. பெருமையாகப் பதிவேட்டை நீட்டினார். மூன்று மாதமாக அவர் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒரு நாள்கூட மாறவில்லை. தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது.

"குடுவை எங்க அண்ணா?" என்றார் கோவிந்தம்மா.

பெருமாள் தலையைச் சொறிந்தார். உள்ளே போய் எடுத்து வந்தார். அதில் தேன் இருந்தது, பத்தாம் கோடு வரைக்கும். "அளந்து குடுக்க வசதியா கீது" என்றார்.

"அப்போ மழைய எதுல அளக்கறே?"

"நான் எங்க அளக்கறேன்? உன் கணக்கு மேல கீழ கீறவங்களுக்குச் சந்தேகம்னு மூணு மாசத்துக்கு முன்னாலயே கேள்விப்பட்டேன். மிஷினோட ஒத்துப்போவலன்னா வேலை பூடும்னாங்க. அதான் மிஷின்ல இன்னா காட்டுதோ அதையே எழுதினு வர்றேன். வம்பே இல்ல."

தணிகாசலத்தின் முகம் பழையபடி ஆனது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் ஈய இழை அந்த மலையில் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோவிந்தம்மா தேனை வேறு பாத்திரத்தில் ஊற்றச் சொன்னார். வெந்நீர் வைத்துக் குடுவையை இரண்டு முறை கழுவினார். பழைய மழைமானியின் புனலில் இருந்த சருகுகளை அள்ளிப் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தார். நான் தானியங்கியைத் திறந்து பார்த்தேன். 'ம' இருந்தது. இழை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மூடினேன். என் கண்ணை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடுவதை அந்த வாரத்தோடு விட்டிருந்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது நிஜ மழையே வந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் நல்ல மழை. பெருமாள் வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, சுட்ட வள்ளிக்கிழங்கைத் தேனில் தொட்டுத் தின்றோம். யாரும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மழை விட்டதும் கோவிந்தம்மா குடுவையைப் பெருமாளிடம் கொடுத்தார். "நீயே அளண்ணா. மிஷினைப் பார்க்காத."

அவர் சேற்றில் குந்தி, குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். "பதிமூணு."

பதின்மூன்றுக்குள் நான்கு இருக்கிறது. கம்பிகள் ஒட்டியிருந்தால் எழுபத்தேழு காட்டும். நான் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். பதின்மூன்று.

பெருமாள் துள்ளிக் குதிக்காத குறை. "பார்த்தீங்களா? மிஷின் சரியாத்தான் சொல்லினு கீது. நானும் அதத்தானே எழுதினு இருந்தேன்!"

"சரியா சொல்லுதுன்னு இன்னிக்குத்தாண்ணா தெரியுது" என்றார் கோவிந்தம்மா. "நேத்து வரைக்கும் எப்டித் தெரியும்?"

பெருமாள் பதிவேட்டை முழங்காலில் வைத்து, முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஒத்துப்போன மூன்று மாதம். ஒவ்வொரு வரியாக, அளவுகோல் வைத்ததுபோல நேராக அடித்துக்கொண்டே வந்தார். தணிகாசலம் தடுக்கவில்லை. கடைசி வரியையும் அடித்து முடித்து, புதுப் பக்கத்தில் தேதியைப் போட்டு, பதின்மூன்று என்று எழுதினார். கட்டத்துக்குள் அடங்காமல், கொஞ்சம் பெரிதாகவே.